ஹாஷிம் நானா மாடி ஏறிய கதை

லிப்ட் கதவில் "பழுது" என்ற அட்டை அன்றைக்கும் தொங்கியது.

"யா அல்லாஹ், இன்னமுமா?" என்றார் ஹாஷிம் நானா.

வாசல் காக்கும் வோட்ச்சர் அழகுமுத்து தலையைச் சொறிந்தான். "சாமான் சிங்கப்பூர்லருந்து வரணுமாம் மொதலாளி."

வீடு மூன்றாம் மாடியில். நாற்பது வருஷம் சிகரெட் இழுத்த மனுஷனுக்கு அதுதான் ஏற முடியாத பாவாத மலை.

போன வாரம்தான் டொக்டர் படம் காட்டிச் சொன்னார்: "எம்பிஸீமா. நுரையீரலுக்குள்ள சின்னச் சின்னக் காற்றுப்பை இருக்கு. சிகரெட் புகை அதுகளின்ர சுவரை அரிச்சுப்போட்டுது. போன பை திரும்ப வராது, மிச்சத்தைத்தான் காப்பாத்தலாம். இனிச் சிகரெட்டைத் தொடக்கூடாது. தூசி, நுளம்பு விரட்டக் கொளுத்துற திரிப் புகையும் ஆகாது. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. மூச்சு வாங்கினா நின்று ஆறிப்போட்டுத் திரும்ப நடவுங்கோ."

சிகரெட்டை அன்றைக்கே விட்டார். ஆனால் நடையா? "மூச்சில்லாதவனைப் போய் நடக்கச் சொல்றாரே!" என்று திட்டிக்கொண்டே மூன்றாம் நாளும் தன் சீலைக் கடையிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் வந்து இறங்கினார். பார்த்தால் லிப்ட் பழுது!

டொக்டர் சொன்னதைப் பற்றி மனைவி பைறோஸாவிடம் மூச்சு விடவில்லை. இரண்டு மாதத்தில் இருவரும் மக்காவுக்கு உம்றா யாத்திரை போகவேண்டும். இருபது வருஷமாக அவள் கேட்ட பயணம். இந்த மூச்சு வருத்தம் தெரிந்தால் பயணத்தை நிறுத்திவிடுவாள்.

முதல் நாள் முதலாம் மாடியிலேயே நெஞ்சு அடைத்தது. மேலேயிருந்து பைறோஸா எட்டிப் பார்த்தால்? சட்டென்று அந்த மாடியில் யோசெப்பின் என்ற அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சும்மாதான்... சுகம் விசாரிக்க..."

யோசெப்பின் உருகிப்போனாள். "என்ட மகனே இப்பிடி வந்து விசாரிக்கிறதில்ல நானா!" கதிரை வந்தது, கேக் வந்தது, முழங்கால் வலிக் கதை இருபது நிமிஷம் வந்தது.

இரண்டாம் மாடியில் கஜேந்திரன் மாஸ்டர். நிற்க ஒரு சாட்டு வேண்டுமே! "மகளுக்குச் சம்பந்தம் ஏதும்..." என்று இழுத்தார்.

அடுத்த நாள் மாஸ்டர் வாசலில் கதிரை, இஞ்சித் தேத்தண்ணி, மகளின் சாதகம், படம் எல்லாம் தயார். "நானா, உங்கட கடைக்கு எத்தினை சனம் வருது! நல்ல மாப்பிள்ளையா ஒண்டு பாருங்கோ."

இல்லை என்று சொல்லவும் மூச்சு வேண்டுமே. வாங்கிப் பொக்கட்டில் போட்டார். பத்தே நாளில் ஆறு வீட்டுச் சாதகம் சேர்ந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் தொப்பி போட்ட ஒருவர், சீலை வாங்க வந்த அம்மாமாரிடம் "உங்கட மகன் என்ன நட்சத்திரம்?" என்று கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆறாவது வாரம், உடுப்புக் கழுவ எடுத்த பைறோஸா சேர்ட்டோடு வந்து நின்றாள். கையில் ஒரு பொண்ணின் படம்.

"இது ஆரு?"

"கஜேந்திரன் மாஸ்டர்ட மகள்."

"அவட படம் உங்கட நெஞ்சுப் பொக்கட்டுல என்னத்துக்கு?"

போச்சு! கிழட்டு வயதில் இரண்டாம் கலியாணப் பழி. ஹாஷிம் நானா உடைந்துபோனார். காற்றுப்பை, சிகரெட், மாடிக்கு மாடி நின்றது, எல்லாவற்றையும் கொட்டி அழுதார்.

"உம்றாவை மட்டும் நிப்பாட்டிடாத பைறோஸா!"

அவள் படத்தைத் துடைத்து மேசையில் வைத்தாள். "முதல் நாள் எத்தின தரம் நின்டீங்க?"

"ஆறு."

"இன்டைக்கு?"

யோசித்தார். "ஒண்டு." அவருக்கே நம்ப முடியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! ஒரே ஒண்டு!"

"அப்ப ரெண்டு பேரும் மக்காவுக்குப் போவோம். அழாதீங்க, சோறு ஆறுது."

மறுநாள் இனிப்பான வட்டிலப்பம் செய்வித்து, கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்த வீடெல்லாம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கண் கலங்கிக் கலங்கி நன்றி சொன்னார். கடைசிப் பங்கை அழகுமுத்துவிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி, நல்லாத் தின்னு. இந்த லிப்ட் மட்டும் பழுதாகாட்டி நான் ஒரு அடி நடந்திருக்க மாட்டன். அதைச் செஞ்சவன் நல்லா இருக்கணும்!"

அழகுமுத்து வாய் நிறைய வட்டிலப்பத்தோடு சொன்னான்:

"லிப்ட் பழுதாகவே இல்லீங்க மொதலாளி, தானே டொக்டரப் பாத்து எல்லாங் கேட்டுட்டு வந்து, நீங்க வர்ற நேரத்துக்கு மட்டும் அட்டைய மாட்டச் சொல்லி, மாடிக்கு மாடி கதிரை போட வச்சதே ஒங்க வூட்டு அம்மாதாங்க."