துளுக்காத கிடா

எனக்குப் பேச்சு வராது. பொய் சொன்னாலும் சுருக்கமாகத்தான் சொல்வேன். அன்று ஒரே ஒரு சொல் சொன்னேன். அதற்கே ஊர் சிரித்தது.

தங்கச்சி செல்விக்கு எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். எங்கள் வழக்கப்படி கோயிலில் கிடாவின் முதுகில் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்துத் துளுக்கினால் சாமி சம்மதம். பிறகுதான் கிடாவெட்டி விருந்தும் கல்யாணத் தேதியும்.

நாங்கள் நேர்ந்துவிட்ட கிடாவோ கம்பி வேலியில் மாட்டி முதுகு நரம்பில் அடிபட்டிருந்தது. புண் ஆறியும் வலி போகவில்லை. ஈ உட்கார்ந்தாலே கத்தும் (மனுசன் மாதிரியே). குறையுள்ள கிடா என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டால்? அன்று காலையிலேயே சோளக்காடு ஊரிலுள்ள மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனேன்.

"நரம்பைச் சுத்தி மரத்துப்போற ஊசி போட்டா வலி அடங்குமுங்க. எலி, ஆட்டுக்கெல்லாம் போட்டுப் பார்த்ததுதான். கொஞ்ச நேரந்தான் தாங்கும், நரம்பு இதுல ஆறாது. கறிக்கு இல்லீங்களே?"

"வளப்புங்க."

(அதுதான் அந்தச் சொல்.)

கிடா ராஜா மாதிரி கோயிலுக்கு நடந்தது. நானும் அப்படியே நடந்தேன். பூசாரி முதுகில் ஒரு சொம்பு ஊற்றினார். கிடா தழை மென்றது. இன்னொரு சொம்பு. மென்றது. ஒரு குடம். பூசாரிதான் நனைந்தார்.

"ஏனுங்க, உங்க பக்கம் ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"வரப்பைத் தள்ளி வெச்சது நாந்தாஞ் சாமி!" என்று என் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். (அதுவரை எங்களுக்கே தெரியாது.)

அப்போதும் கிடா மென்றது. "பொண்ணு ராசி எப்படியோ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். செல்வி தலையைக் குனிந்தாள். கண்ணீர் மண்ணில் விழுந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவ மேல தப்பில்லீங்க. கிடாவுக்கு ஊசி போட்டிருக்குது. முதுகு மரத்துப்போச்சு. கறியும் திங்கக் கூடாதுங்க."

"சாமியையே ஏமாத்தப் பாத்தியா கண்ணு!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கோயிலே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கும் சாம்பாரும்தான். சாயங்காலம் மருந்து தெளிந்தது. ஒரு தூறல் பட்டதும் கிடா துள்ளிச் சிலிர்த்துக் கத்தியது.

"சம்மதம் இப்பத்தான் பஸ்ல வந்து எறங்குது" என்றார் மாமா. தேதி குறித்தார்கள்.

இப்போதும் தங்கச்சி ஊட்டுக்குப் போனால், மாப்பிள்ளை என் பிடரியில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். நான் சிலிர்ப்பேன்.

"மச்சான் துளுக்கிட்டாரு. சோறு போடு செல்வி."

அவளும் இப்போது சிரிக்கிறாள். நான் தலை நிமிராமல் சாப்பிடுகிறேன்.