சகலை வீடு, நூற்றில் ஒரு பங்கு

மாடல்காரர் செய்து முடித்த வீட்டில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது மிக அழகாக இருந்தது.

அந்த வீடு அவருடைய சகலைக்குச் சொந்தமாகப் போவதால், அதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்தால், நூற்றில் ஒரு பங்கு அளவில் மேசைமேல் நிற்கும் மாதிரியாகச் செய்து தருவது மாடல்காரரின் புதுத் தொழில். வரைபட அலுவலக வேலையை உதறிவிட்டு, வீட்டின் முன்னறையில் ஒரு த்ரீடி பிரிண்டரை வாங்கி வைத்திருந்தார். அது பிளாஸ்டிக் இழையை உருக்கி, மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து, சுவர், தூண், படிக்கட்டு என எதையும் எழுப்பிவிடும். வாடிக்கையாளரை மட்டும் எழுப்பாது. இதுவரை வந்த ஒரே வேலை சகலையினுடையது. ஆண்டு முடிவதற்குள் தொழில் நிமிராவிட்டால் பழைய அலுவலகத்துக்கே திரும்புவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

சகலை என்பவர் மனைவியின் அக்காள் கணவர். கல்யாணம், பதவி உயர்வு, கார் எல்லாவற்றிலும் அவரே முந்தினார். தலைமுடியாவது அவருக்கு முதலில் கொட்டும் என்று மாடல்காரர் காத்திருந்தார். அதில் மட்டும் தாமே முந்திக்கொண்டார்.

"பல்லைக் கடிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. மிஷின்ல ஏதோ கோளாறுன்னு ஓடி வந்தேன்," என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. வாசல்ல நிக்கிற மனுஷ பொம்மை ஒண்ணுதான் பாக்கி."

அந்தப் பொம்மையை அச்சிடும்போதுதான் யோசனை பிறந்தது. பொறாமைக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. கட்டைவிரல் நகத்தளவு மனிதனுக்குள்ளும் அது குடியேறிவிடும். பொம்மையை மட்டும் சற்றுப் பெரிதாக்கி, கதவருகே நிறுத்தினார். அதன் தலை வாசல் நிலையில் முட்டியது. மாளிகை கோழிக்கூண்டாகச் சுருங்கியது.

மாலையில் சகலை வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சகலை, நிமிர்ந்தா தலை இடிக்கும் போலிருக்கே."

"உங்க பிளான் அப்படிண்ணே. நான் என்ன பண்ண?"

சகலை தாடையைத் தடவினார். "வேற வேலை ஏதாவது வந்துச்சா?"

குத்திக் காட்டுகிறார் என்று மாடல்காரருக்குச் சுருக்கென்றது. "இன்னும் இல்ல."

"அப்ப உயரத்தைக் கூட்டிருவோம். முழுசா இன்னொரு மாடல் போட்டுடுங்க."

பேரம்கூடப் பேசாமல் பணத்தை வைத்துவிட்டுப் போனார். மாடல்காரருக்கு அதுவும் எரிந்தது.

உயர்ந்த வீடு முன்னதைவிடக் கம்பீரமாக நின்றது. இம்முறை மாடல்காரர் காரைப் பெரிதாக்கினார். போர்ட்டிகோவுக்குள் அதன் மூக்கு மட்டுமே நுழைந்தது.

"காரு வெயில்ல காயுதே," என்றார் சகலை. "வேற வேலை வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு கார் நிக்கிற மாதிரி அகலமாக்கி இன்னொண்ணு போடுங்க."

மூன்றாவது மாதிரியின் அகலத்தைக் கண்டு மாடல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி வைத்தார். சகலையின் வீடு அதன் நிழலில் பதுங்கியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கத்துல எவனாவது கட்டத்தானே செய்வான். உங்க மனை எங்க இருக்குன்னுதான் நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்களே."

"மனையா, பார்த்துக்கிட்டே இருக்கேன் சகலை."

கண்பட்டுவிடும் என்று மறைக்கிறார் என மாடல்காரர் தீர்மானித்தார்.

"வேற வேலை...?"

"வரல."

"அப்ப நமக்கு ஆறு மாடி."

அவர் படியிறங்கியதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க மட்டம் தட்டத் தட்ட அவர் வீடு வளருது. சும்மா இருந்திருந்தா ஒரு மாடியோட போயிருப்பாரு."

"உங்க அக்கா வீட்டுக்காரர்தானே, பேசுவே."

தெருவும் பக்கத்து மனைகளும் சேர்ந்த அகலப் பலகையோடு ஆறு மாடி வீடு முன்னறைக் கதவில் நுழைய மறுத்தது. கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, தம் வயிற்றெரிச்சலைத் தாமே தலையில் சுமந்து தெருவில் நடந்தார் மாடல்காரர்.

"என்ன மாடல்காரரே, வீடு மாத்துறீங்களா?" என்றார் எதிரே வந்த தபால்காரர்.

சகலை ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார்.

"சார் ஆபீஸ் போயிருக்காரு. இதையும் மொட்டைமாடி ரூம்லயே வெச்சிடுங்க. மத்த மூணும் அங்கதான் துணி போர்த்தி இருக்கு."

"போர்த்தியா?" மாடல்காரர் சுமையை இறக்கி மூச்சு வாங்கினார். "புது வீட்டு வேலை எப்ப ஆரம்பிக்கிறாராம்? உங்க போர்ஷன் காலியாயிடுமே."

"எங்க காலியாகுது? போன வாரம்தான் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இங்கயேதான்னு கையெழுத்துப் போட்டாரு."

"அப்ப இந்த ஆறு மாடி?"

வீட்டுக்காரர் அந்த மாதிரியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வீடாவது ஒண்ணாவது; சகலை கடைக்கு வேற ஆள் வர்ற வரைக்கும் நான் எதையாவது கட்டிக்கிட்டே இருக்கணும், மாடிக்கு மேல எதுவும் தோணல, அடுத்து நீச்சல் குளம்தான்'னாரு."