மாமனார் உட்கார இடமில்லாத வண்டி

ஓசூர் சிப்காட்டில் வெள்ளிக்கிழமையன்று முதல் ஷிப்ட் முடிந்து எல்லோரும் கம்பெனி கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, டர்னர் சென்னகிருஷ்ணன் மட்டும் வண்டி ஸ்டாண்டில் குனிந்து, அடுத்தவன் மோட்டார் சைக்கிளின் சீட்டை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, வண்டி மாத்துறவங்க மைலேஜ் கேப்பாங்க, ஆர்.சி. புக் கேப்பாங்க. சீட்டை அளக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் வண்டிக்காரன் சௌந்தரராஜன்.

சௌந்தரராஜன் மதுரைப் பக்கத்துப் பையன். அதே கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவனுடையது சிவப்பு நிற ஆர்.எக்ஸ். நூறு. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. தளியில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது காலேஜ் பசங்க வண்டி, குடும்பம் நடத்துறவன் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சௌந்தரராஜனின் கண் சென்னகிருஷ்ணனின் யெஸ்டி மேல் விழுந்துவிட்டது. நீளமான சீட்டு, பின்னால் கேரியர், பக்கத்தில் புடவை கார்டு, இரண்டு சைலன்சர். பார்த்தாலே பெண் கொடுக்கலாம் என்று தோன்றும் வண்டி.

"வண்டிக்கு வண்டி. மேல காசு வேணாம். ஞாயித்துக்கிழமை தளிக்குப் போறேன், அதுல போய் இறங்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்றான்.

சென்னகிருஷ்ணன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். யெஸ்டியின் சீட்டைவிட இது ஒரு சாண் குறைவு. கேரியர் கிடையாது. இரண்டு பக்கமும் கூடை கட்ட ஒரு கம்பிகூடக் கிடையாது. வேறு யாராவது இருந்தால் இதைக் குறை என்பார்கள். அவனுக்கு அதுவே நல்ல சங்கீதம் மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன், எண்பதில், அவன் யெஸ்டி வாங்கியதே ஊர் சுற்றுவதற்குத்தான். மைசூர், ஊட்டி, கன்னியாகுமரி என்று ஒரு டைரியில் வரிசையாக எழுதி, எங்கெங்கே தங்குவது என்றுகூடக் குறித்து வைத்திருந்தான். வண்டி வந்த மறுமாதம் கல்யாணமும் வந்தது. அதற்குப் பிறகு வண்டி போன ஒரே தூர தேசம் ராயக்கோட்டை. ஞாயிறு தவறாமல் போனது.

மாமனார் நாராயணப்பனுக்கு உத்தனப்பள்ளியில் ஒன்றரை ஏக்கர். தக்காளி போடுவார். ஞாயிறு காலை அதை ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸில்தான் போகக் கிளம்பினார். புது மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்வோமே என்று, "எனக்கு ராயக்கோட்டை ரோட்டுல வண்டி ஓட்டுறதுன்னா உசுரு. அவரு பஸ்ல போனா எனக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்குக் கேரியரில் ஏறிய கூடை இன்றுவரை இறங்கவில்லை.

சொன்னதையும் நேரில் சொல்லவில்லை, மனைவி ராஜாத்தியிடம் சொல்லி அனுப்பினான். அவர்கள் குடும்பத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வது மரியாதையில்லை. நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பொருளாவது வேண்டும். வண்டியில் ஆள் இல்லாததால் இருவரும் ஒன்பது வருடமாகத் தக்காளிக் கூடையைப் பார்த்துத்தான் பேசி வந்தார்கள். "கூடை நல்லா இறுக்கியிருக்கு, கிளம்பலாம்" என்பார் மாமனார். "கூடைக்கு டீ வேணுமான்னு தெரியல" என்பான் மாப்பிள்ளை. கூடை என்ன பதில் சொல்லும்? மாமனார் சொல்லுவார்.

ஆர்.எக்ஸை அவன் ஒருமுறை சிப்காட் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருந்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வயிற்றில் ஜில்லென்று பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. முப்பத்தேழு வயதில் அப்படி ஒன்று மறுபடி வரும் என்று அவன் நினைக்கவே இல்லை. இறங்க மனசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே ஒன்று, இதில் தனியாக மைசூர் போய் வந்தால் போதும் என்று இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் ராஜாத்தியிடம் பேச்சை எடுத்தான். பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும், காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் என்று அடுக்கினான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ரசத்தை ஊற்றியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கப்பா எங்க உக்காருவாரு?"

அதுதானம்மா விசேஷமே என்று சொல்ல முடியுமா? யோசித்துத்தான் செய்யணும் என்று முனகினான்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? எங்க ஊர் முனீஸ்வரன்கிட்டப் பூ கேளுங்க. சாமி வேணாம்னா விட்டுடுங்க" என்று முடித்துவிட்டாள்.

உத்தனப்பள்ளிக்காரர்களுக்குக் கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் பூ கேட்காமல் ஆகாது. முனீஸ்வரன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரச் சந்தனத்தைத் தொட்டு ஒவ்வொரு பூ ஒட்டுவார்கள். மனசில் கேள்வியை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. சில பேருக்கு அரைநாள் ஆகும்.

சனிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு, மாமனார் வயலில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனான். பூசாரி ஆஞ்சப்பன் பூவை ஒட்டிவிட்டுத் தட்டைத் துடைக்கக்கூட இல்லை, வலப்பக்கப் பூ பொத்தென்று விழுந்தது.

"பலகடே பிரசாத ஆய்த்து" என்றார் பூசாரி. சாமி விஷயத்தை மட்டும் அவர் கன்னடத்தில்தான் சொல்வார். வலப்பக்கம் கிடைத்துவிட்டது, போய் நடத்து என்று அர்த்தம்.

சாயங்காலமே வண்டி கைமாறியது. யெஸ்டியில் உதைக்கிற கம்பியே மடங்கிக் கியராகவும் ஆகும் என்பதை சௌந்தரராஜனுக்கு விளக்க அரைமணி ஆனது. போகும்போது அந்த இரட்டைச் சைலன்சர் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. சென்னகிருஷ்ணன் அதுவரை வாசலிலேயே நின்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்ததும் உள்ளே போய் மைசூர் மேப்பைத் தேடினான்.

மாமனாருக்குச் சேதி சொல்வது பாக்கி. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நடுவில் நான் வரமாட்டேன் என்று ராஜாத்தி கழன்றுகொண்டாள். உண்மையைச் சொல்லி அனுப்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை. உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம், வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு மாமாவை பஸ்ஸில் போகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினான். பொய்தான். ஆனால் ஒரு வாரத்துக்குத் தாங்கும் பொய்.

ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்கவில்லை. ஞாயிறு காலை ஆறேகால் மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மைசூர் ரோட்டு மேப்பைக் கையில் வைத்தபடி சென்னகிருஷ்ணன் திறந்தான். இரண்டு தக்காளிக் கூடைகளோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார். தக்காளி போக வேண்டியது கிழக்கே ராயக்கோட்டைக்கு. அதை அவர் பஸ்ஸில் ஏற்றி, எதிர்த்திசையில் பதினேழு கிலோமீட்டர், ஓசூருக்குக் கொண்டுவந்திருந்தார்.

"எஞ்சினைப் பிரிச்சுட்டாங்கன்னு சேதி வந்துதும்மா" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டாம இருந்தா மாப்ளைக்கு இருப்புக் கொள்ளாதே. வேற வண்டி ஏதாச்சும் வாடகைக்கு எடுத்தாவது ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் வாசலில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தார். சென்னகிருஷ்ணன் உடனே கூடையிடம், இது கூட்டாளி வண்டி, சும்மா நிற்கிறது, இதில் கூடை ஏறாது என்று சொன்னான்.

"ஏன் ஏறாது?" என்றாள் ராஜாத்தி. நடுவில் வரமாட்டேன் என்று சொன்னவள்தான்.

பழைய புடவை ஒன்றைக் கிழித்து ஒரு கூடையைப் பெட்ரோல் டேங்க் மேல் கட்டினாள். சென்னகிருஷ்ணன் அதைக் கட்டிப்பிடித்த மாதிரி ஓட்ட வேண்டும். இன்னொரு கூடையை மாமனார் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உட்கார்ந்து பார்த்தார். சீட்டு பாதிக்குத்தான் இருந்தது. மீதிக்கு அவர் காற்றில் உட்கார்ந்தார்.

கிளப்பியதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. மாமனார் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக மாப்பிள்ளையின் பெல்ட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை. மெதுவாகத்தான் போக நினைத்தான், ஆனால் அந்த வண்டிக்கு மெதுவாகப் போவது பழக்கமில்லை. உத்தனப்பள்ளி தாண்டியது தெரியவில்லை. இரண்டு பஸ்ஸை முந்தினார்கள். அந்தப் பாரத்திலும் அவனுக்கு வயிற்றில் அந்த ஜில் வந்தது. வந்த இடத்தில்தான் ராயக்கோட்டை ரயில்வே கேட்டும் வந்தது. கேட் இறங்கிக்கொண்டிருந்தது.

பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றது. மாமனார் நிற்கவில்லை. மடிக்கூடையோடு முன்னால் வந்து அவன் முதுகில் மோதினார். அவன் போய் டேங்க் கூடையில் மோதினான். இரண்டு கூடைத் தக்காளியும் ஒரே நேரத்தில் நசுங்கியது. கழுத்திலிருந்து கால்சட்டை வரை சிவப்பாக ஒழுகியபடி சென்னகிருஷ்ணன் இறங்கியதைப் பார்த்துக் கேட்டில் நின்ற ஜனமெல்லாம் ஓடிவந்தது. கேட் கீப்பர் செம்பில் தண்ணீரோடு வந்து, எங்கே அடி என்று தடவிப் பார்த்து, ஒரு விதையை எடுத்து முகர்ந்துவிட்டுச் செம்போடு திரும்பிப் போய்விட்டார்.

அடி யாருக்கும் இல்லை. தக்காளிதான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரயில் போகும்வரை இருவரும் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் காலிக் கூடையைக் கவிழ்த்து ஒட்டியிருந்த விதையைத் தட்டினார்.

"சரி. இதோட முடிஞ்சுது" என்றார் கூடையிடம். "இனிமே இவரு வண்டியில நம்மளால ஏற முடியாது."

சென்னகிருஷ்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. காலை இருட்டில் எழுந்து, எனக்காக பஸ் ஏறி வந்த மனுஷன். அவருக்கு இருக்கிற ஒரே ஆசை இந்த ஞாயிற்றுக்கிழமை, அதையும் நான் ஒரு மைசூருக்காகப் பிடுங்கினேனே என்று நினைத்தான். ஒன்பது வருடத்து வழக்கத்தை உடைத்து நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, நான் பொய் சொல்லிட்டேன். இது என் வண்டிதான். யெஸ்டியை மாத்திட்டேன். ஆனா அதுக்காக ஞாயித்துக்கிழமை நிக்காது. நாளைக்கே லேத்துல குடுத்துப் பெரிய கேரியரா அடிச்சுப் போடறேன். என் கை காலு ஓடற வரைக்கும் உங்களை ராயக்கோட்டைக்கு நான்தான் கூட்டிட்டு வருவேன்."

மாமனார் கண்ணில் தண்ணீர் நின்றது. துண்டால் துடைத்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். சென்னகிருஷ்ணனுக்கும் கண் கலங்கியது. மைசூர் போனால் போகட்டும் என்று இருந்தது.

திரும்பும் வழியில், உத்தனப்பள்ளி முனீஸ்வரன் கோயில் முன்னால் நிறுத்தச் சொல்லி மாமனார் பெல்ட்டை இழுத்தார். உள்ளே போனார். சென்னகிருஷ்ணன் சட்டையைக் குழாயடியில் அலசியபடி வெளியே நின்றான். கால்மணி நேரம் கழித்து வந்தவர், அவனையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. காலிக் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். வயலுக்கு நாற்று விடும் நேரம், அதைப் பற்றிக் கேட்டிருப்பாரோ, இல்லை வண்டி மாற்றியதற்கு மனசுக்குள் கோபமோ என்று அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஈரச் சட்டையோடு உள்ளே போனான்.

"மாமா சாமிகிட்ட என்ன கேட்டாரு? என் மேல கோபமா?"

பூசாரி ஆஞ்சப்பன் கீழே கிடந்த பூவைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"கோபமெல்லாம் இல்ல மாப்ளை. ஒன்பது வருஷமா நாத்து விடறதுக்கு முன்னாடி வந்து கேக்கறதுதான். 'சாமி, தக்காளியில ஒரு வருஷமும் ஒண்ணும் நிக்கல, முதுகெலும்பும் விட்டுப்போச்சு. ராயக்கோட்டை போறதுன்னா மாப்ளைக்கு உசுரேன்னுதான் நட்டுக்கிட்டு இருக்கேன், இந்த வருஷமாச்சும் விட்டுடட்டுமா'ன்னு. இன்னிக்கும் பூ இடப்பக்கந்தான் விழுந்துச்சு, விடக் கூடாதாம், பாவம்."