தினசரிக் கோளாறு

இனிமேல் பிளாஸ்டர் கலக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை அமுதவள்ளியிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அது வெறும் விருப்பமாகிவிடும்.

விருத்தாசலத்தில் எங்கள் பட்டறை சின்னது. பீங்கான் யானைகள் செய்கிறோம். மாதிரி யானையை மரக்கட்டையில் ஒரு மெஷின் செதுக்கும். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். மெஷின் என் வேலை, பிளாஸ்டர் அவள் வேலை என்பது என் எண்ணம். இரண்டுமே இருவர் வேலைதான் என்பது அவள் எண்ணம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு ஜாய்ஸ்டிக். பிள்ளைகள் கேம் விளையாடும் யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்தான். அதை அசைத்துத்தான் மெஷினின் உளியைக் கட்டைக்கு நேரே கொண்டுவர வேண்டும். கணினிக்கு அதன்மேல் சந்தேகம். கடவுச்சொல் போட்டு நுழையும் நிர்வாகியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது, மெஷினை ஓட்டும் மென்பொருள்கூடத் தொடக் கூடாது என்று வைத்திருந்தது. ஒரு கட்டளை அடித்தால் விட்டுவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி பழைய பிடிவாதம். ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் தொல்லை நிரந்தரமாகத் தீரும். எனக்கு அது தெரியும். எழுதவில்லை.

கட்டளை அடிக்க ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும். நான் காலை முழுவதையும் எடுத்துக்கொண்டேன். கேபிளைக் கழற்றி ஊதினேன். திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அதற்குள் அமுதவள்ளி அன்றைய பிளாஸ்டரை முடித்திருப்பாள். யானைகளில் பிசிறு சுரண்டும் வேலைக்கு வரும் பெரியம்மாள், மொதலாளி பாவம், விடிஞ்சதும் மெஷினோட மல்லுக்கட்டுறாரு என்பாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

போன வாரம் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யானைக்குத் தும்பிக்கை வந்துவிட்டது.

"யாரு சரிபண்ணாங்க?"

"நான்தாங்க. சும்மா தட்டிப் பாத்தேன்."

கணினியின் கடவுச்சொல் அவள் பெயர். அன்பினால் வைத்ததல்ல. மறக்காது என்று வைத்தது.

அவள் வீட்டுக்குள் போனதும் கோப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரி இருந்தது, பிழையில்லாமல். போனில் தேடிப் பிடித்திருப்பாள். கணினியை அணைத்துப் போட்டேன். ஜாய்ஸ்டிக் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது. இனி அந்தக் கோளாறு வரவே வராது.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது.

"இன்னிக்கும் மக்கர் பண்ணுதுங்க," என்றாள். கணினி முன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நான் பாக்குறேன். நீங்க மூட்டையப் பிரிங்க."

பிரித்தேன். பிளாஸ்டரைக் கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். இறுகுவதற்குள் ஊற்ற வேண்டும். விரலிடுக்கெல்லாம் வறண்டு வெடித்தது. அவள் கேபிளைக் கழற்றி ஊதினாள். பெருமூச்சு விட்டாள். அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பெரியம்மாள் அவளுக்கு டீ வாங்கிவந்து கொடுத்து, ஒத்தப் பொம்பள எத்தனதான் பாக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

கோளாறே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? கோப்பைப் பார்த்தேன் என்றால், எந்தக் கோப்பு என்று எப்படித் தெரிந்தது என்பாள். வாயை மூடிக்கொண்டு கலக்கினேன். அடுத்த நாளும் மக்கர். அதற்கடுத்த நாளும்.

நேற்று அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இது வுடாது போலருக்குதுங்க. இனிமே தெனம் காலையில நான்தான் பாத்தாவணும்."

என் கை முழங்கைவரை வாளிக்குள் இருந்தது. வாய் என்னைக் கேட்கவில்லை.

"தெனம் எதுக்குப் பாக்கணும்? ஒரு வரி எழுதி வச்சா ஆயுசுக்கும் வராது."

பெரியம்மாள் சுரண்டுவதை நிறுத்தினாள். அமுதவள்ளி நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

"அப்படிங்களா," என்றாள். "எப்பலேருந்து தெரியும்?"