அரிசி ரோஜா நிறமான வீட்டில் நான் மாட்டிய வால்வு

இயற்பியல் படித்த பெண்ணைக் கோழிப்பண்ணை வீட்டில் கட்டிக்கொடுத்தால், முதல் ஆபத்து அந்த வீட்டுக் குழாய்களுக்குத்தான்.

தொண்ணூறுகளில் பல்லடத்துப் பக்கம் நான் மருமகளாகப் போன புதிது. ஒருநாள் காலையில் என் மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தவர், "அம்மணி! அரிசியெல்லாம் ரோஸ் கலராயிருச்சு, ஓடியா!" என்று கத்தினார்.

ஓடிப்போய்த் துப்பறிந்தேன். திறந்தே கிடந்த வாசல் குழாயில் மாட்டியிருந்த ஹோஸின் மறுமுனை, கோழிகளுக்கு ஊதா மருந்து கரைத்த டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது. கரண்ட் இல்லாததால் மேல்தொட்டி காலி. பள்ளத்தில் இருக்கும் சமையலறைக் குழாயை அத்தை திறந்ததும், டிரம்மிலிருந்த தண்ணீர் பின்னோக்கி வந்துவிட்டது.

"இன்னைக்கு ஊதா மருந்து. நாளைக்கு அதே டிரம்முல உண்ணிக்கு அடிக்கிற விஷம் இருந்தா?" என்றேன். அத்தை களைந்த அரிசியை அப்படியே குப்பையில் கொட்டினார்.

"பிளம்பர வரச் சொல்றேன்" என்றார் கணவர். பிளம்பரும் தினம் தவறாமல் "இதா வாரேனுங்க" என்றார். (வார்த்தை மட்டும்தான் வந்தது.) பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பஸ் ஏறிப்போய், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் பித்தளை வால்வு ஒன்றை வாங்கினேன்.

"மாட்டத் தெரியுமுங்களா?" என்றார் கடைக்காரர்.

"பிசிக்ஸுங்க" என்றேன். மனிதர் உடனே பில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் மாமனார் விருந்துக்கு வருவதாக இருந்தது. அவர் வருவதற்குள் முடித்துவிடலாமென்று அன்று காலையிலேயே வாசல் குழாயைக் கழற்றி, வால்வைத் திருகி, குழாயைத் திரும்ப மாட்டித் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. கோழிகளுக்குத் தண்ணீர் போவதே அந்தக் குழாயிலிருந்துதான். சித்திரை வெயிலில் கொட்டகை முழுக்கக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

வீட்டில் இருந்தவர்களெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்கள். சலவை வேட்டியில் வந்திறங்கிய சம்பந்தியும் அதை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட் சுமந்தார்.

"அதையக் கழட்டி வீசிப்போடு அம்மணி!" என்றார் கணவர்.

"மாட்டேனுங்க. என்னன்னு கண்டுபுடிச்சுப்போட்டுத்தான் சாப்பாடு."

முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் வால்வின் வயிற்றிலிருந்த அம்புக்குறி கண்ணில் பட்டது. அது வீட்டைப் பார்த்து இருந்தது! வரவேண்டிய தண்ணீரை நிறுத்திவிட்டு, வரக்கூடாத தண்ணீருக்குப் பந்தல் போட்டு வரவேற்பு கொடுத்திருந்தேன்.

அவசரத்தில் தொட்டியிலிருந்து வரும் மெயினை மூடாமலே வால்வைக் கழற்றினேன். தொட்டித் தண்ணீர் பீய்ச்சியடித்து, பக்கெட்டோடு குறுக்கே வந்த சம்பந்தியின் நெஞ்சில் விழுந்தது. கணவர் ஓடிப்போய் மெயினை மூடுவதற்குள் மனிதர் தலையோடு குளித்து முடித்திருந்தார்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க மாமா!"

"வெயிலுக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார், கண்ணாடியைப் பிழிந்துகொண்டே. (கண்ணாடியைப் பிழிய முடியாது. ஆனால் அவர் முயன்றார்.)

வால்வைத் திருப்பி மாட்டினேன். தண்ணீர் வந்தது. கோழிகள் குடித்தன. அதோடு விடவில்லை. மதியம் எல்லாரையும் கூட்டி வைத்து, தொட்டியைக் காலிசெய்து, ஹோஸை ஊதாத் தண்ணீருக்குள் முக்கிச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது.

என் கணவரின் லுங்கியில் நின்றிருந்த சம்பந்தி கைதட்டினார். "எங்க ஊட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க அம்மணி. ஆனா நான் ஊர்ல இல்லாதப்ப வாங்க!"

அந்த வால்வு இன்றுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விருந்துக்கு வந்து சொல்லிக்கொண்டு கிளம்பியவர்கள், மறந்துவைத்த குடைக்காகவோ துணிப்பைக்காகவோ திரும்பி வாசலில் வந்து நின்றால் போதும். அத்தை உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பார்: "அம்மணி, போனது திரும்பி வருது! மறுபடியும் வால்வ மாத்தி மாட்டிப்போட்டயா?"