சாயத்துக்கு அனுமதி

அரசு மருத்துவமனையில் எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் செர்பியாவில் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது. மொராவா ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மருத்துவமனை அதற்காகவே ஒரு சாயச் சிக்கனக் குழுவை அமைத்தது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது நரம்பில் ஏற்றும் சாயம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பது அதன் திருப்பணி.

க்ரோஸ்தானா கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பவள். கொஞ்ச நாளாக அவள் விரல்கள் தடித்துக்கொண்டே வந்தன. ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தியது. இளவட்டங்கள் அதைப் புதுப் பாணி என்று கொண்டாடினார்கள். தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து அப்படியே தப்பாக வாசிக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். அவளுக்கோ விரல் போனால் பிழைப்பு போச்சு.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் ஓல்கிட்சா, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், கை, கால், தலையைப் பெருக்க வைக்கும் பொடிக் கட்டி ஒன்று இருக்க வேண்டும் என்றார். சாயமில்லாமல் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருவரும் குழுத் தலைவர் தோப்ரிவோயே முன்னால் போய் நின்றார்கள்.

"முதல்ல ஜன்னலைச் சாத்துங்க. ஊதக்காத்து பட்டுத்தான் விரல் வீங்குது," என்றார் அவர்; அந்த ஊரில் எந்த நோவுக்கும் காற்றுதான் காரணம். "கட்டி தெரிஞ்சாத்தான் சாயம். அதான் விதி."

"சாயம் போட்டாத்தான் ஐயா கட்டியே தெரியும்," என்றாள் க்ரோஸ்தானா.

"கண்ணுக்குத் தெரியாத கட்டிக்கு அரசாங்கம் எப்படிம்மா சாயம் கொடுக்கும்? நல்லா வளரட்டும், அப்புறம் வாங்க. நாங்க எங்க ஓடிப்போறோம்?"

"அதுக்குள்ள நான் முழங்கையாலதான் வாசிக்கணும்!"

"எல்லாம் காத்தும்மா. என்னையே பாருங்க. இந்த அறையில உக்காந்து உக்காந்து தொப்பி பத்தல, ஷூவையும் மாத்திக்கிட்டே இருக்கேன்."

அவர் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்ததை க்ரோஸ்தானா அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று பொறி தட்டியது.

"ஐயா, அந்த மெஷினுக்குள்ள பொட்டுக் காத்து கிடையாது. சும்மா படுத்து ஒரு படம் எடுத்துக்குங்களேன்."

காற்றில்லாத இடம் என்றதும் தலைவர் உருகிவிட்டார். தன் சாயத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தார். சாயத்தை ஊசியில் ஏற்றும் முன்பே, வாதுமைக் கொட்டை அளவில் ஒரு கட்டி திரையில் வந்து நின்றது.

"சாயம் எப்போ?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க? வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியுது!" என்றார் டாக்டர்.

"அனுமதிச்ச சாயத்தை வீணாக்கக் கூடாதே! நம்ம குழுவோட கொள்கை என்னாவுறது?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்," என்று க்ரோஸ்தானா சட்டைக் கையைச் சுருட்டினாள்.

சாயம் ஏறியதும் சுரப்பி முழுக்க வெளுத்தது. பயறு அளவு ஓர் இடம் மட்டும் கறுப்பாகவே நின்றது. "மாட்டினான் திருடன்!" என்று டாக்டர் கத்தினார். க்ரோஸ்தானா படுத்தபடியே சிரித்தாள், அழவும் செய்தாள்.

இருவருக்கும் மூக்கு வழியாக அறுவை நடந்தது. உடம்பு தேறிய தலைவர் மனம் நெகிழ்ந்து விதியைத் திருத்தினார்: சிறு கட்டி உள்ளவர்கள் பெருங்கட்டி உள்ள ஒருவரை உடன் அழைத்து வருதல் வேண்டும், அன்னாருக்குத் தேவைப்படாத சாயம் இன்னாருக்கு வழங்கப்படும்.

ஊரே மெச்சியது. இப்போது சந்தையில் யாரும் யார் முகத்தையும் பார்த்து நலம் விசாரிப்பதில்லை. குனிந்து ஷூவைத்தான் பார்க்கிறார்கள். கொஞ்சம் பெரிதாக இருந்தால் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போய், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, காபி கொடுக்கிறார்கள்.