அமைச்சர் ராஜினாமாவுக்கு நான்கு காரணங்கள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு என் கைபேசி அடித்தது. அதுவரைக்கும் என் வாழ்க்கை ஓகோ என்று போய்க்கொண்டிருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் டிவியில் வராத அளவுக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் அன்று என் மகள் மதுமிதாவின் கால்நடை கிளினிக் திறப்பு விழா. வாசலில் பந்தல், வாழைமரம், வாடகை நாற்காலிகள், ஓர் ஓரத்தில் பொங்கல் வடை. மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் வைத்த தாம்பாளத்தோடு நான் நின்றிருந்தேன். பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம். திறந்து வைக்க வருகிறவர் மத்திய இணை அமைச்சர்.

போனில் பிரவீன். என் பழைய மாணவன், இப்போது அமைச்சரின் உதவியாளர்களில் ஒருவன். அவனைப் பிடித்துத்தான் தேதி வாங்கியிருந்தேன்.

"மிஸ், டிவி பாத்தீங்களா?"

"விழா வேலையில இருக்கேன்டா. ஐயா எங்க வந்துட்டு இருக்காரு?"

"அது தெரியலீங்க மிஸ். அவரு போனு நேத்து ராத்திரியில இருந்து சுவிட்ச் ஆஃப். ஐயா ராஜினாமா பண்ணிட்டாருங்க."

"எதை?" என்று கேட்டேன். (இருபத்திரண்டு வருடமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறவள் கேட்ட கேள்வி இது.)

இந்த இடத்தில், ஒரு கால்நடை கிளினிக்கைத் திறக்க எனக்கு எதற்கு மத்திய அமைச்சர் என்று நீங்கள் கேட்கலாம். மதுவும் அதைத்தான் கேட்டாள். "மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா, அமைச்சர் திறந்த கிளினிக்கான்னு விசாரிச்சுட்டா வரும்?" என்றாள். போர்டை மாட்டி, கதவைத் திறந்து, முதலில் எது வருகிறதோ அதற்கு வைத்தியம் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி.

என் கணக்கு வேறு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் நாத்தனார் கோகிலா இருக்கிறாள். அவள் மகன் எம்.பி.பி.எஸ். மது கால்நடை மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் கோகிலா முகத்தைப் பரிவாக வைத்துக்கொண்டு கேட்பாள்: "மது மனுசங்களுக்கும் ஊசி போடுவாளுங்களா அண்ணி?" அந்தக் கேள்விக்கு சைரன் வைத்த காரில் பதில் வரவழைக்க வேண்டும் என்பது என் திட்டம்.

கடைசியில் மது இறங்கி வந்தாள். "சரிம்மா. ஆனா என் கிளினிக் பேரு கெடாம பாத்துக்க. இங்க பண்ணைக்காரங்க ஒருத்தர் நம்பலைன்னா ஊரே வராது. பேரு போச்சுன்னா நான் மூட்டை கட்டிட்டு எங்கயாவது கம்பெனி வேலைக்குத்தான் போகணும்." அவள் தலையில் கை வைத்து சத்தியம் செய்தேன்.

அந்தக் கைதான் இப்போது தாம்பாளத்தைப் பிடித்திருந்தது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு போன். "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றவர் கை கழுவ எழுந்தார். பின்னாலேயே போலீஸ்காரர்களும் எழுந்தார்கள்.

"எங்கீங்க சார் கிளம்பிட்டீங்க?"

"அமைச்சர் இல்லீன்னா பந்தோபஸ்தும் இல்லீங்க டீச்சர்."

என் படிப்பு முழுவதும் தொண்டைக்கு வந்தது. "அப்படிச் சொல்ல முடியாதுங்க சார். கடுதாசி குடுத்தா மட்டும் ராஜினாமா ஆயிராது. பிரதமர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பணும். அவர் ஏத்துக்கணும். அதுவரைக்கும் அவர் அமைச்சர்தான்."

அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். "அப்படிங்களா. அப்பக் குடியரசுத் தலைவரை ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க டீச்சர். உடனே திரும்பி வந்தர்றோம்."

போகும்போது வடையை மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார்.

அடுத்த பிரச்சினை கல்வெட்டு. கறுப்பு கிரானைட்டில் 'மாண்புமிகு மத்திய இணை அமைச்சர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று வெட்டி, பச்சைத் திரை போட்டு மூடி வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் அதே சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எந்தப் பிரச்சினையையும் வெல்டிங்கிலோ பெயிண்டிலோ தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"மேல 'முன்னாள்'னு ஒண்ணு சேத்துட்டாப் போச்சு. காதரை வரச் சொல்றேன்."

பட்டறையில் லாரிகளின் முதுகில் எழுத்து எழுதுகிற காதர் அண்ணன் மஞ்சள், சிவப்பு டப்பாக்களோடு வந்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து ஒரே வகை. குண்டு குண்டாக மஞ்சள், பின்னால் சிவப்பு நிழல்.

"ஓரத்துல ரெண்டு ரோசாப்பூ போட்டரட்டுங்களா டீச்சரம்மா?"

"எழுத்து மட்டும் போதுங்கண்ணா."

அவர் 'மு' போட்டு முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. குடியரசுத் தலைவர் ஏற்காமல் 'முன்னாள்' என்று எழுதுவது அரசியலமைப்புக்கு விரோதம். அழிக்கச் சொன்னேன். தின்னர் போட்டு அழித்தார். உடனே, விழாவுக்கு சேலத்திலிருந்து வந்திருந்த கோகிலா தன் கைபேசியை நீட்டினாள். "ஏத்துக்கிட்டாங்களாம் அண்ணி, இதுல போட்டிருக்கு." எழுதச் சொன்னேன். முழுதாக எழுதி, சிவப்பு நிழல் கொடுக்கும்போது அதே கைபேசியில் இன்னொரு சேனலில் 'ராஜினாமாவை வாபஸ் பெறுகிறாரா? டெல்லியில் பரபரப்பு' என்று ஓடியது. அழிக்கச் சொன்னேன்.

காதர் அண்ணன் பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். "ஒரு லாரிக்கு ஆகற தின்னர் இந்த ஒரு கல்லுக்கு ஆயிருச்சுங்க டீச்சரம்மா. டெல்லியில ஒரு முடிவுக்கு வரட்டும். நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

பந்தலில் அதற்குள் காரண ஆராய்ச்சி களை கட்டிவிட்டது. டிவியில் 'தனிப்பட்ட காரணங்கள்' என்று மட்டும்தான் போட்டார்கள். அது போதுமா எங்கள் ஊருக்கு? முட்டைப் பண்ணை வைத்திருந்தவர், முட்டை விலையைப் பற்றி அமைச்சர் டெல்லியில் சண்டை போட்டதுதான் காரணம் என்றார். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் டீசல் விலை என்றார். அவரவர் தொழில் கஷ்டத்துக்காகவே அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்திருந்தார். கோகிலா மட்டும் என் காதோரம் வந்து, "தனிப்பட்டதுன்னா பொம்பளை விசயமுங்களா அண்ணி?" என்றாள்.

அந்த நேரத்தில்தான் டிவி வேன் வந்தது. அமைச்சர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைய அவருடைய நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரே விலாசம் என் மகளின் கிளினிக். ஒரு பெண் நிருபர் குதித்து இறங்கி நேராக என்னிடம் ஓடி வந்தாள். (பட்டுப்புடவையும் தாம்பாளமும் நான்தான் குற்றவாளி என்று காட்டிக்கொடுத்துவிட்டன.)

"நீங்க அமைச்சரோட குடும்ப நண்பராங்க மேடம்? அவர் ராஜினாமாவுக்கு என்ன காரணம்?"

'தெரியாது' என்று ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் மைக்கைக் கண்டதும் கையில் சாக்பீஸ் வந்துவிட்ட மாதிரி இருந்தது. எதிரே நிற்பது கேமராவாகத் தெரியவில்லை, கடைசி பெஞ்சாகத் தெரிந்தது.

"ஒரு அமைச்சர் ராஜினாமா பண்றதுக்குப் பொதுவா நாலு காரணம் உண்டுங்க. ஒண்ணு, அரசாங்கத்தோட கொள்கை பிடிக்காம விலகறது. ரெண்டு, துறையில நடந்த தப்புக்குத் தார்மீகப் பொறுப்பு ஏத்துக்கறது. மூணு, ஊழல் புகார். நாலு, பிரதமரே கூப்பிட்டுப் போகச் சொல்லிடறது." பிறகு கேமராவைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்றும் கேட்டேன்.

'பொதுவா' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அது ஒளிபரப்பாகவில்லை. நான்கு காரணமும் ஒரு முறைதான் ஓடின, திரும்பத் திரும்ப ஓடியது மூன்றாவது மட்டும். அதற்குக் கீழே 'அமைச்சர் மீது ஊழல் புகார்? குடும்ப நண்பர் பரபரப்புத் தகவல்' என்ற சிவப்புப் பட்டை. எனக்குப் பின்னால், பளிச்சென்று, மதுமிதா கால்நடை கிளினிக் என்ற போர்டு.

"அண்ணி, நீங்க டிவியில வர்றீங்க," என்றாள் கோகிலா. "மது கிளினிக் பேரும் பெருசா வருதுங்க." அவள் குரலில் கேலியே இல்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

கொஞ்ச நேரத்தில் மூன்று கார்கள் சர்ரென்று வந்து கிளினிக் வாசலை அடைத்தபடி நின்றன. வெள்ளைச் சட்டைகள் இறங்கின. அமைச்சரின் ஆதரவாளர்கள். "யாருங்க இங்க அந்தக் குடும்ப நண்பர்?" என்றார் முன்னால் வந்தவர்.

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் தயங்காமல், "பாத்ரூம் போயிருக்காங்க," என்றார். நான் தாம்பாளத்தோடு பின்கட்டு வழியாக உள்ளே ஓடி, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

அங்கே மது நின்றிருந்தாள். கையில் கைபேசி. அதில் நான், "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட என்ன சத்தியம் பண்ணினம்மா நீ?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். நான் தாம்பாளத்துக் கத்தரிக்கோலை நேராக்கி வைத்தேன்.

வாசலில் திடீரென்று ஒரு பெண்குரல். மோகனூர்ப் பக்கத்திலிருந்து பாவாயி என்ற அம்மா ஒரு குட்டியானை மினிலாரியில் ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சினை ஆடு. விடியற்காலையிலிருந்து முக்குகிறது, குட்டி வெளியே வரவில்லை. கார்கள் மறித்து நின்றதால் வண்டி உள்ளே வர வழியில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் அந்த அம்மாவிடமும் ஏதோ விசாரிக்கப் போனார்.

"அட நகருங்க சாமி. உங்க அமைச்சரு பொறவு சாவகாசமா ராஜினாமா பண்ணிக்கட்டும். எம்பட ஆடு இப்பச் செத்துரும்."

அந்தக் குரலுக்கு மூன்று கார்களும் பின்வாங்கின. அதே வெள்ளைச் சட்டைக்காரர் ஆட்டின் முன்னங்கால்களைப் பிடிக்க, இன்னொருவர் பின்பக்கம் தாங்க, படி வரைக்கும் தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே குறுக்கே சிவப்பு ரிப்பன்.

அலமாரியை விட்டு வெளியே வந்திருந்த நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஐயா எப்படியும் வந்துருவாரு. ஆட்டை ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு கொண்டுவர முடியுமாங்க?"

ஆடு உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மது என் கைத் தாம்பாளத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ரிப்பனை ஒரே வெட்டு. கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, "உள்ள தூக்கிட்டு வாங்க" என்று கையுறையை மாட்டினாள். கிளினிக் திறந்தது. யாரும் கைதட்டவில்லை. ஆட்டின் முனகல் மட்டும்தான் கேட்டது.

ஜன்னல் வழியாக டிவி கேமரா எட்டிப் பார்த்தது. நானும் அதற்குக் கீழே இருந்து எட்டிப் பார்த்தேன். மது கண்களை மூடிக்கொண்டு, கைவிரல்களாலேயே உள்ளே பார்க்கிறவள் மாதிரி, நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பிடித்திருந்தவரின் வெள்ளைச் சட்டை அதற்குமேல் எந்தக் கட்சிக்கும் உதவாத நிறத்துக்கு மாறியிருந்தது. இந்த ஆடு செத்தால் இன்று சாயங்காலம் வரைக்கும் அதையும் டிவியில் காட்டுவார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை. மது அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் பரபரவென்று தேய்த்தாள். தும்மியது. பாவாயி அம்மா, "வந்துட்டியா சாமி" என்றார். பின்னாலேயே இரண்டாவது குட்டி, யார் உதவியும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இப்போதுதான் கைதட்டினார்கள். முதலில் தட்டியது கோகிலா.

மது வெளியே வந்ததும் நிருபர் மைக்கை நீட்டினாள். "டாக்டர், அமைச்சர் ராஜினாமா பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. குட்டியோட தலை பின்பக்கமா திரும்பி இருந்துச்சு, நேராக்கி எடுத்துட்டேன். தாயும் ரெண்டு குட்டியும் நல்லா இருக்கு." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். (அம்மாவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவத்தில் வராத 'தெரியாது' மகளுக்குச் சுலபமாக வந்தது.)

அன்று சாயங்காலம் வரைக்கும் என் பேட்டிக்கு நடுவே அந்த ஆட்டுக்குட்டியும் ஓடியது. மறுவாரமே பரமத்தியிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் ஆடு மாடுகள் வர ஆரம்பித்துவிட்டன. "டிவியில தலையை நேராக்குன டாக்டரம்மா இவங்கதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் எனக்கு இன்னும் உதறல் நிற்கவில்லை. எங்கேயாவது டிவியில் 'முக்கியச் செய்தி' இசை கேட்டால் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. எங்கள் வீட்டில் யாராவது மூன்றாவது தோசை வேண்டாம் என்றால், என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி, "இதுக்குப் பொதுவா நாலு காரணம் உண்டுங்க" என்கிறார். பாவாயி அம்மா குட்டிகளுக்குப் பெயரே வைத்துவிட்டார். பெரியது ராஜினாமா, சின்னது வாபஸ். தடுப்பூசிக்கு வரும் நாட்களில் கிளினிக்குக்குள்ளிருந்து, "ராஜினாமாவைப் புடிங்க, வாபஸ் வெளிய ஓடுது" என்று மதுவின் குரல் கேட்கும். அவள் சிரிக்கிறாள் என்பது எனக்குப் போதும்.

ஆனால் அந்த வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை. நல்ல நேரம் தாண்டி, டிவி வேன் கிளம்பி, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கும்போது, ஒரு பழைய வாடகைக் கார் வந்து நின்றது. கொடி இல்லை, சைரன் இல்லை. கசங்கிய வெள்ளை வேட்டியோடு ஒருவர் தனியாக இறங்கினார். அமைச்சர் படம் போட்ட அழைப்பிதழை அச்சடித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"வாரேன்னு சொல்லியிருந்தனுங்களே," என்றார். "பொங்கல் மீதி இருக்குதுங்களா?"

இலை போட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டார். காதர் அண்ணன் பிரஷோடு பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, கல்லுல 'முன்னாள்' எழுதறதுங்களா, விட்டர்றதுங்களா?"

"எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க. ஓரத்துல ரோசாப்பூ போடுவீங்களா?"

காதர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். (ரோஜாப்பூக்கள் இன்றும் கிளினிக் சுவரில் இருக்கின்றன, இரண்டு.)

கை கழுவிவிட்டு அவர் என்னிடம் வந்தார். "ஓமலூர்ல டீ குடிக்க நிறுத்துனப்ப டிவியில உங்க பேட்டியைப் பாத்தனுங்க டீச்சர்."

மது என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். "நாலு காரணம் சொன்னீங்க. அதுல என்னோடது எதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன். எனக்கு இன்னும் யாரும் காரணம் சொல்லலீங்க."